எல்லாக் கோட்டுக்கும் தலை எதுக்குடா பேராண்டி?

ஏன்டா பேராண்டி, தலை இல்லாத கோடு ஒண்ணுகூட இந்தப் படத்துல இருக்கக் கூடாதுன்னு எந்த சாமிக்காவது வேண்டிக்கிட்டியா? ஸ்டோர்ஸ்ல இருந்து லைனுக்கு ஒரு அம்பு. லைன்ல இருந்து ஸ்டோர்ஸுக்கு ஒரு அம்பு. அது போதாதுன்னு ரெண்டுக்கும் நடுவுல ரெண்டு பக்கமும் தலை வெச்ச அம்பு ஒண்ணு. செவுத்தைக் காட்டுற கோட்டுக்கும் தலை, தூணைக் காட்டுற கோட்டுக்கும் தலை. 'கேன்டீன்'னு எழுதி அதுக்கும் ஒரு அம்பு வுட்டிருக்கே. கேன்டீனுக்கு வழி தெரியாத ஆளை எந்தக் கம்பெனியிலடா வேலைக்கு எடுத்தாங்க?

குந்து. லேப்டாப்பை இப்படித் திருப்பு. ஓடிடலாம்னு பார்க்காத, உனக்கு ஷிஃப்ட் ராத்திரிதான்னு உங்க அம்மா சொல்லிட்டா.

கிழவனுக்கு இன்னா தெரியும்னுதானே பார்க்கிற? சினிமா தட்டி, கட்சி செவுரு, உர மூட்டை விளம்பரம்னு பிரஷ் புடிச்ச கை இது. 1996-ல இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்துச்சு, 1998-ல சான்ட்ரோ வெளியில வந்துச்சு. 2010-ல ஒரகடத்துல ரெனோ-நிசான், 2012-ல பாரத்பென்ஸ் லாரி, அடுத்த வருஷம் ராயல் என்ஃபீல்டு. ஒவ்வொரு பெரிய கம்பெனி முதுகுக்குப் பின்னாலயும் சீட்டு, வயரு, ரப்பர், கண்ணாடின்னு சப்ளை கம்பெனிங்க வரிசையா வந்து குந்துனாங்க. கம்பெனின்னா ஷெட்டு, ஷெட்டுன்னா தரை, தரைன்னா மஞ்சக் கோடு. கழனி போனவங்கள்ல பாதிப் பேரு செக்யூரிட்டி உடுப்பு மாட்டிக்கிட்டாங்க. எனக்குத் தொப்பி சேராது. பெயிண்டிங் காண்ட்ராக்டரு கூப்பிட்டாரு, போனேன். ஸ்ரீபெரும்புதூர்ல இருந்து சிங்கபெருமாள்கோயில் வரைக்கும் எந்த ஷெட்டுல ஃபோர்க்லிஃப்ட் எந்தப் பக்கம் திரும்புதுன்னு பாரு, அதுல என் கையும் கொஞ்சம் இருக்கும்.

தரையில அம்பு போடறது எப்படின்னு உனக்கு எவனும் சொல்லியிருக்க மாட்டான். முதல்ல தரையில இருக்கற எண்ணெயைக் கழுவி எடுக்கணும். நூலுல சுண்ணாம்புப் பொடி தேய்ச்சு, ரெண்டு பேரு ரெண்டு முனையை இழுத்துப் புடிச்சு, நடுவுல தூக்கி வுட்டா ஒரே தட்டு, நேர்க்கோடு வுழுந்துடும். அதுக்கு ரெண்டு பக்கமும் டேப்பு. எபாக்ஸி பெயிண்ட்டுல ஹார்டனரைக் கலந்துட்டா அது உனக்காகக் காத்திருக்காது, டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள டப்பாவுலயே கட்டிப் போயிடும். தண்டுக்கு ரெண்டு டேப்பு போதும். தலைக்கு மூணு பக்கம், மூணு மூலை. மூலையில டேப்பைக் கத்தியால சீவணும், சீவலைன்னா பெயிண்ட்டு கசிஞ்சு முனை மழுங்கிடும். முழுசா காயறதுக்கு முன்னாடியே டேப்பை உரிக்கணும், இல்லைன்னா ஓரம் பேந்துக்கிட்டு அதோடவே வந்துடும். தண்டு போடறது ஒரு வேலையே இல்ல. தலைதான் முதுகை ஒடிக்கும். அதனால தலை வைக்கறதுக்கு முன்னாடி சூப்பர்வைசரைக் கேட்டுடுவோம்: "சார், நிஜமாவே இங்க ஒரு பக்கம்தான் போகணுமா?" பாதி நேரம் அவருக்கே தெரியாது. அவரு மேனேஜரைக் கேப்பாரு, மேனேஜரு மீட்டிங் போடுவாரு. மீட்டிங் முடிஞ்சு வந்து, "தலை வேணாம், கோடு மட்டும் போடுப்பா"ம்பாங்க.

உனக்கு முதுகு வலிக்கலை. பெட்டியைத் தொறக்கற, தலைங்க வரிசையா நிக்குது, ஒண்ணைத் தொடுற, ஒட்டிக்குது. கூலி இல்லாத தலைன்னதும் கை நிக்கலை.

நீ படம் வரையற இந்த இன்க்ஸ்கேப்பை நான் குறை சொல்லலை. காசு கேக்காத சாமான். 2003-ல சோடிபோடின்னு ஒண்ணுல இருந்து நாலு பேரு பிரிஞ்சு வந்து ஆரம்பிச்சது. நம்ம பக்கம் பிரிஞ்சு வர்றவன் முதல் வேலையா கொடிக்கு நிறம் மாத்துவான். இவங்க உக்காந்து வேலை பார்த்திருக்காங்க. சரி, வேலையைச் சொல்லு, நான் பார்க்கிறேன். பி-யைத் தட்டினா பேனா வருது. ஒரு கிளிக், இன்னொரு கிளிக், எண்டர், கோடு ஆச்சு. நடுவுல கண்ட்ரோலை அமுக்கிக்கிட்டா 15 டிகிரிக்கு ஒரு தரம்தான் திரும்பும், அதனால கை ஆடினாலும் கோடு ஆடாது. ஷிஃப்ட், கண்ட்ரோல், எஃப் மூணையும் சேர்த்துத் தட்டினா 'ஃபில் அண்ட் ஸ்ட்ரோக்' தொறக்குது. அதுல 'ஸ்ட்ரோக் ஸ்டைல்'. அதுல 'மார்க்கர்ஸ்'னு மூணு பெட்டி: முதலுக்கு ஒண்ணு, நடுவுக்கு ஒண்ணு, கடைசிக்கு ஒண்ணு. இதானே? உன் முதுகுக்குப் பின்னாடி குந்தி முறுக்கு தின்னேன்னு நினைச்சியா?

இப்போ கேக்கறேன் சொல்லு. இந்தக் கோட்டுக்கு முதல் எது, கடைசி எது? முழிக்கிற பாரு. வெறும் கோடா பார்த்தா ரெண்டு முனையும் ஒண்ணுதான். ஆனா நீ எங்க முதல்ல கிளிக் பண்ணியோ அதுதான் அதுக்கு முதல். நீ மறந்துட்டாலும் கோடு மறக்காது. நேத்து நீ இன்னா பண்ணே? சில கோட்டை ஸ்டோர்ஸ்ல இருந்து இழுத்தே, சில கோட்டை லைன்ல இருந்து இழுத்தே. கடைசிப் பெட்டியில அம்பு வெச்சா பாதி கோட்டுக்குத் தலை எதிர்ப்பக்கம் போயிடுச்சு. உடனே அந்தப் பாதிக்கு மட்டும் கடைசிப் பெட்டியைக் காலி பண்ணிட்டு முதல் பெட்டியில தலையை வெச்சே. பார்க்கறதுக்கு சரியாதான் இருக்கு. நாளைக்கு உன் பாஸு வந்து, "தம்பி, எல்லா அம்பையும் கொஞ்சம் ஒல்லியா மாத்து"ம்பாரு. எல்லாத்தையும் புடிச்சு கடைசிப் பெட்டியில மாத்துவே. பாதி கோட்டுக்கு ரெண்டு பக்கமும் தலை முளைச்சு நிக்கும். அதான் அந்த ரெட்டைத் தலை வந்த வழி, இல்ல? நீயா யோசிச்சு வெச்சதுன்னு எங்கிட்ட கதை வுடாத.

தலையை இடம் மாத்தாத, கோட்டைத் திருப்பு. 'பாத்' மெனுவுல 'ரிவர்ஸ்'. ஷிஃப்டோட ஆர். கோடு அசையாது, முதலும் கடைசியும் மட்டும் மாறிக்கும். எல்லாக் கோட்டுக்கும் தலை ஒரே பெட்டியில இருந்தா, ஒரே தட்டுல எல்லாத்தையும் மாத்தலாம். இதைச் சொன்னதுக்கு எனக்கு ஒரு பாக்கெட் சுருட்டு வாங்கித் தரணும், ஞாபகம் வெச்சுக்கோ.

அப்பால நடுப் பெட்டி. கன்வேயர் ரொம்ப நீளம் தாத்தா, கடைசியில மட்டும் அம்பு இருந்தா நடுவுல நிக்கறவனுக்குத் தெரியலைன்னு நடுப் பெட்டியில வெச்சே, வரவே இல்லைன்னு மௌஸைத் தட்டிக்கிட்டு இருந்தே. பாவம் மௌஸு. ரெண்டே புள்ளி இருக்கற கோட்டுக்கு நடுவுல யாருடா இருக்கான்? தலையை எவன் மேல வைக்கும்? என்-னைத் தட்டி, கோட்டு மேல எங்க வேணுமோ அங்க டபுள் கிளிக் பண்ணு. புள்ளி வுழும், அது மேல அம்பு வந்து குந்தும். செவ்வகம் வரைஞ்சு அதுக்கு அம்பு கேக்காத, வராது. இந்தப் படம் எழுதற எஸ்விஜி கணக்குல, 2001-லயே டபிள்யூ3சி-காரங்க சட்டம் போட்டப்போ, கோட்டுக்கும் பாத்துக்கும்தான் மார்க்கர்னு வெச்சாங்க. செவ்வகமும் வட்டமும் அதுல இல்ல. 'ஆப்ஜெக்ட் டு பாத்' போட்டா வரும். போடாத. உனக்கு எதுக்கு?

இந்த முனையைப் பெருசாக்கிப் பாரு. வெல்டிங் பூத்து செவுத்தைத் தொடணும்னு கோட்டை அங்க கொண்டாந்து முடிச்சே. முடிச்ச இடம் சரிதான், புள்ளி செவுத்து மேலதான் இருக்கு. ஆனா அம்பு முனை உள்ள பூந்து நிக்குது, வாசப்படியில நிக்கச் சொன்னா அடுப்பங்கரை வரைக்கும் வந்துடற சம்பந்தி மாதிரி. தப்பு அம்பு மேல இல்ல. ஒவ்வொரு தலைக்கும் 'இந்த இடத்தைக் கோட்டு முனையில வை'ன்னு உள்ளுக்குள்ள ஒரு புள்ளி குறிச்சிருக்கு. சில தலைக்கு அது முனையில இருக்கும், சில தலைக்கு நடு வயித்துல இருக்கும். வயித்துல இருந்தா மீதி உடம்பு தாண்டித்தான் நிக்கும். கோடு தடிச்சா தலையும் பெருக்கும், பெருத்த அளவுக்குத் தாண்டும். 2022-ல வந்த இன்க்ஸ்கேப் 1.2-ல இருந்து இதுக்கு வழி பண்ணிட்டாங்க. தலையைப் படத்து மேலயே புடிச்சு நகர்த்தலாம், சிறுசாக்கலாம். கோட்டோட சேர்ந்து வளர வேணாம்னு ஒரு டிக்கையும் எடுத்துடலாம். நிறத்துக்கும் ஒரு காலத்துல இந்தக் கூத்துதான்: கோட்டைச் சிவப்பாக்கினா தலை கறுப்பாவே நிக்கும், தனியா ஒரு எக்ஸ்டென்ஷன் ஓட்டணும். 2015-ல 0.91 வந்தப்போ அது தீந்துச்சு. நீ அப்போ ஒன்பதாவதுல கணக்குக்கு அழுதுக்கிட்டு இருந்தே.

தலை எந்த அளவுன்னு கேக்கறியா? அதை நான் சொல்லணுமா, பாலிடெக்னிக் முதல் வருஷத்துல உனக்குச் சொல்லிக் கொடுத்தாங்களே! இந்தியத் தர நிர்ணய அமைப்பு பள்ளிக்கூடத்துக்கும் காலேஜுக்கும்னே போட்ட எஸ்பி 46. நீளம் மூணு பங்குன்னா அகலம் ஒரு பங்கு. ஒல்லியா, கூர்மையா, கோட்டைத் தொட்டு நிக்கணும். நீ வெச்சிருக்கறது கொழுக்கட்டை. அதே புஸ்தகத்துல இன்னொண்ணும் இருக்கு, பரீட்சைக்கு எழுதிட்டு பரீட்சை ஹால்லயே வுட்டுட்டு வந்துட்டே. ஒரு பேரை எழுதி அதுல இருந்து கோடு இழுத்து ஒரு பொருளைக் காட்டினா, அந்தக் கோடு பொருளோட ஓரத்துல முடிஞ்சாதான் அம்பு. உள்ளுக்குள்ள போய் முடிஞ்சா ஒரு பொட்டு, அவ்வளவுதான். அளவுக் கோட்டு மேல முடிஞ்சா அம்பும் வேணாம், பொட்டும் வேணாம், வெறும் கோடு. உன் கேன்டீன் கோடு ரூமுக்குள்ள போய் முடியுது. பொட்டு வெச்சுட்டுப் போடா. மார்க்கர் பெட்டியில பொட்டும் இருக்கு, நீ கீழ வரைக்கும் இறங்கிப் பார்க்கலை.

இப்போ ஸ்டோர்ஸுக்கு வா. இங்க எத்தனை அம்பு, எல்லாம் ஒரே அச்சு. இது சாமான் போறதா, சமாச்சாரம் போறதா? லைன்ல இருந்து ஸ்டோர்ஸுக்குப் போற அம்பைப் பார்த்தா பாதி வண்டி திரும்பிப் போகுதுன்னு தெரியுது. கேட்டா, "இல்ல தாத்தா, அது ரிக்வெஸ்ட்டு"ங்கற. படத்தைப் பார்க்கறவன் உன்னையும் பக்கத்துல நிக்க வெச்சுக்கிட்டா பார்ப்பான்? போறது எதுவோ அதுக்கேத்த அம்பு போடறது ஜப்பான் காரு கம்பெனியில வளர்ந்த வழக்கம், அதை மைக் ரோதர், ஜான் ஷூக்னு ரெண்டு பேரு 1998-ல 'லேர்னிங் டு சீ'ன்னு புஸ்தகமாவே போட்டுட்டாங்க. உன் பாஸு டேபிள்ல தூசி புடிச்சுக் கெடக்கும், எடுத்துப் பாரு. அடுத்தவன் கேட்டானோ கேக்கலையோ, இந்தப் பக்கம் இருக்கறவன் தள்ளி வுட்டா அதுக்குப் பட்டை பட்டையா கறுப்பு வெள்ளை அம்பு. கஸ்டமருக்குப் போற சரக்குக்கு உள்ளே வெத்தா அகலமான அம்பு. தாள்ல எழுதிப் போற சேதிக்கு மெல்லிசு நேர் அம்பு. கம்ப்யூட்டர் வழியா போற சேதிக்கு மின்னல் வெட்டு. அம்பைப் பார்த்ததுமே போறது இரும்பா, ஈமெயிலான்னு தெரிஞ்சுடும். உங்க கம்பெனியில தள்ளி வுடறதுதான் ஜாஸ்தி, நீ உண்மையா வரைஞ்சா படம் முழுக்க வரிக்குதிரை ஆயிடும். அதனாலதான் எல்லாத்தையும் கறுப்பா போட்டு மறைச்சிட்டியோன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

அந்த ரெட்டைத் தலையை மட்டும் முதல்ல எடு. 'ரெண்டு டிபார்ட்மென்ட்டும் பேசிப்பாங்க'ன்னு நீ நினைச்சு வைக்கிற. லைன் நின்னுட்டா, "யாரு சொல்லணும்?"னு கேப்பாங்க. அந்தப் படத்தைக் காட்டி ஸ்டோர்ஸ்காரன் அந்தத் தலையைக் காட்டுவான், புரொடக்‌ஷன்காரன் இந்தத் தலையைக் காட்டுவான். ரெண்டு பேரும் படத்துல இருக்கறதைத்தானே காட்டுறாங்க, தப்புன்னு எப்படிச் சொல்லுவே? சேதி ரெண்டு பக்கமும் போகுதுன்னா ரெண்டு கோடு போடு, ரெண்டுக்கும் தனித்தனியா இன்னா போகுதுன்னு எழுது. எழுத முடியலைன்னா அது போகலைன்னு அர்த்தம்.

படத்துல திசை காட்ட அம்பு போடறது அப்படி ஒண்ணும் ஆதிகாலத்துப் பழக்கம் இல்ல. பெலிடோர்னு ஒரு பிரெஞ்சு இன்ஜினியரு, 1737-ல இருந்து தண்ணி வேலையைப் பத்திப் பெரிய புஸ்தகம் போட ஆரம்பிச்சாரு. அதுல தண்ணிச் சக்கரத்துல தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு காட்ட நிஜ அம்பையே வரைஞ்சிருக்காரு, வாலுல இறகோட. தண்ணிக்குப் போட்ட அம்புடா அது! எனக்கு அந்த ஆளை ரொம்பப் புடிச்சுப்போச்சு. நம்ம மேட்டு ஏரிங்க எல்லாம் ஒண்ணை ஒண்ணு நிரப்பிக்கிட்டு செம்பரம்பாக்கத்துக்குப் போவும், அது நிரம்பினா அடையாத்துக்குப் போவும். ஷெட்டுக்கு பிளான் போட்டவங்க எல்லாரும் லாரிக்கு அம்பு போட்டாங்க. கால்வாய்க்கு ஒரு அம்பு போட்டிருந்தா 2015 டிசம்பர் வெள்ளத்துல தண்ணி ரோட்டுல நின்னு வழி கேட்டிருக்காது. அதை வுடு, அது உன் கையில இல்ல. உன் படத்துல மழைத் தண்ணி வடிகாலு எங்க? அம்பு போட வேண்டிய ஒரே இடத்துல வெறும் கோடு போட்டிருக்கியே, கெட்டிக்காரன்.

போன வாரக் கூத்தை எடுப்போம். தரையில அடிக்க ஸ்டென்சில் வேணும்னு ஃபைலை லேசர் கடைக்கு அனுப்பினே. அவன் டிஎக்ஸ்எஃப் கேட்டான், நீயும் அப்படியே சேவ் பண்ணி அனுப்பினே. தகடு வந்துச்சு. ஆட்டோவுல இருந்து இறக்கிப் பார்த்தா மெல்லிசா ஒரு கீறல், தலையும் இல்ல, தடிமனும் இல்ல. கடைக்காரனைத் திட்டினே. அவன் பேர்ல இன்னா தப்பு? மெஷினுக்குத் தடிமன் தெரியாது, நிறம் தெரியாது, பாதை மட்டும்தான் தெரியும். நீ கோடுன்னு ஒரு பாதையைக் கொடுத்தே, தடிமனும் தலையும் அது மேல போட்ட அலங்காரம். அலங்காரம் டிஎக்ஸ்எஃப்-ல ஏறாது, அது வூட்டுலயே தங்கிடும்.

அனுப்பறதுக்கு முன்னாடி கோட்டைப் புடிச்சு 'ஸ்ட்ரோக் டு பாத்' போடு. கண்ட்ரோல், ஆல்ட், சி. இப்போ தண்டு ஒரு உருவம், தலை ஒரு உருவம், ரெண்டும் ஒரு குரூப்பு. இதோட நிறுத்தினா இன்னும் மோசம்: தலைக்குள்ள பூந்திருக்கற தண்டோட ஓரத்தையும் லேசர் வெட்டும், நடுவுல ஒரு துண்டு தனியா கழண்டு வுழும். குரூப்பைப் பிரிச்சு, ரெண்டையும் புடிச்சு 'யூனியன்' போடணும். ஸ்ரீபெரும்புதூர்ல இந்த வார்த்தையைச் சொன்னா எச்.ஆர். ரூம் கதவு தானா தொறக்கும். 2024 செப்டம்பர்ல சாம்சங் ஆளுங்க இதுக்காக 37 நாள் வெளியில குந்தினாங்க, சங்கம் பதிவாக அடுத்த வருஷம் ஜனவரி ஆயிடுச்சு. இன்க்ஸ்கேப்புல கண்ட்ரோலையும் பிளஸ்ஸையும் தட்டினா போதும். அப்பால கண்ட்ரோல் 5-ஐத் தட்டி வெறும் ஓரக்கோட்டை மட்டும் பாரு. ஒரு அம்புக்கு ஒரே ஓரம் சுத்தி வந்தா சரி, உள்ள ஏதாவது குறுக்க ஓடினா சரியில்ல. இதெல்லாம் காப்பியில பண்ணு. உருவமா மாத்தினப்புறம் அது கோடு இல்ல. ரிவர்ஸும் ஆகாது, வேற தலையும் மாட்டாது.

ஆ, அளவு. ஏ4 தாள்ல வரைஞ்சதைத் தரைக்குப் பெருசாக்கினியே, மேல ஒரு சின்ன பட்டன் இருக்கும், உருவத்தைப் பெருசாக்கினா கோட்டுத் தடிமனும் பெருசாகணுமான்னு கேக்கும். அது அமுங்காம இருந்தா கோடு நீளமாகும், தடிக்காது. தடிக்கலைன்னா தலையும் வளராது. வாசல்ல இருந்து வேலி வரைக்கும் நீட்டின ஒரு நூலு, அதோட நுனியில ஒரு கடுகு. தரையில அதைத் தேட டார்ச்சு வேணும்.

கன்டெய்னர் லாரி வர்ற ரோட்டுக்கு வேற கணக்கு, அதையும் சொல்லிடறேன். ஒரகடம் கூட்ரோட்டுல வண்டலூர் - வாலாஜாபாத் ரோடும் சிங்கபெருமாள்கோயில் ரோடும் குறுக்க வெட்டுதில்ல, பஸ்ஸுக்குக் காத்திருக்கறப்போ ரோட்டுல போட்டிருக்கற அம்பை நின்னு பாரு. நின்னு பார்த்தா அநியாயத்துக்கு நீட்டமா, ஒட்டகச்சிவிங்கிக் கழுத்தா இருக்கும். போட்டவன் பைத்தியக்காரன் இல்ல. டிரைவரு தூரத்துல இருந்து சாய்வாப் பார்ப்பான், நீளம் அமுங்கி அவன் கண்ணுக்குச் சரியாத் தெரியும். ரோட்டுக் குறிக்குன்னே ஐஆர்சி 35-னு விதி இருக்கு, அதுல அம்போட படமெல்லாம் கட்டம் போட்டே கொடுத்திருக்காங்க. நீ தாள்ல அழகா இருக்குதேன்னு குட்டை அம்பை வெச்சா, லாரிக்காரன் கண்ணுக்கு அது அமுங்கி ஒரு கறை. நடந்து போறவனுக்குக் குட்டை, ஓட்டிக்கிட்டு வர்றவனுக்கு நெட்டை. ரெண்டு ஃபைல் வெச்சுக்கோ.

கடைசியா இந்தப் பச்சைப் படம். தீப்புடிச்சா ஓடற வழி. இதுல மட்டும் உன்னை நான் கிண்டல் பண்ண மாட்டேன்னு நினைச்சியா? இதுலதான் ஜாஸ்தி. ஓடற மனுஷன் படம் ஜப்பான்ல யூக்கியோ ஓட்டாவோட ஆளுங்க வரைஞ்சது, இன்னைக்கு ஐஎஸ்ஓ 7010-ல ஏறி உலகம் முழுக்க ஓடறான். அவனை நீ தொடாத, அவன் சரியாதான் ஓடறான். பக்கத்துல இருக்கற அம்பைப் பாரு. நேராப் போகச் சொல்றதுக்கு அம்பு மேல பார்க்கணும், அதான் முறை. புதுசா வந்த பையன் அதைப் பார்த்துட்டு கூரையை அண்ணாந்து பார்க்கிறான்னா அது பயிற்சி கொடுக்காதவன் குத்தம். அம்பைத் தரையைப் பார்த்துத் திருப்பி 'தெளிவு' பண்ணிடாத. 2014 நவம்பர்ல நோக்கியா ஆலை நின்னப்போ ஆயிரக்கணக்குல புள்ளைங்க அந்தப் பச்சை அம்பைப் பார்த்துக்கிட்டேதான் வெளியில வந்துச்சுங்க. அதுங்களுக்கு எவனும் அம்புக்கு அர்த்தம் சொல்லித் தர வேண்டியிருக்கலை.

நீ பண்ணியிருக்கற கோளாறு இது: ஒரே படம், நாலு பிரின்ட்டு, நாலு செவுரு. வடக்குச் செவுத்துல சரியா இருக்கும். தெற்குச் செவுத்துல அதையே மாட்டினா, அதைப் பார்த்து நிக்கறவனுக்கு எல்லாமே தலைகீழ். படத்துல அம்பு 'வலது பக்கம் போ'ங்குது, வாசல் அவனுக்கு இடது பக்கம். தீ வந்த நேரத்துல எவன் தலையைத் திருப்பி வெச்சு யோசிப்பான்? இந்தப் படத்துக்குன்னே ஐஎஸ்ஓ 23601-னு ஒண்ணு இருக்கு, பார்க்கறவன் நிக்கற திசைக்கே படம் திரும்பி இருக்கணும்னு அதுல சொல்லியிருக்கு. அவனுக்கு வலது பக்கம் இருக்கறது படத்துலயும் வலது பக்கம். அதனால நாலு செவுத்துக்கு நாலு ஃபைல் பண்ணு. கட்டடத்தையும் கோட்டையும் ஒரு குரூப்பாக்கிச் சுத்து. கோட்டோட சேர்ந்து தலை தானாத் திரும்பிக்கும், அதை நீ தொட வேணாம். எழுத்தைத் தனியா எடுத்து நிமித்தி வை. சுத்தித் தொலைச்சிட்டா கழுத்தைச் சாய்ச்சுத்தான் படிக்கணும். அப்பால 'நீங்கள் இங்கே'ங்கற புள்ளி. நாலு ஃபைல்லயும் அது ஒரே இடத்துல இருக்கக் கூடாது. கிழக்குக் கதவாண்ட நிக்கறவனைப் பார்த்து நீ மேற்குல இருக்கேன்னு படம் சொன்னா, அவன் தன் காலை நம்புவானா, உன் புள்ளியை நம்புவானா?

இன்னொண்ணு. எல்லா அம்பும் போய் முடியற இடத்துல 'அசெம்பிளி பாயிண்ட்'னு பெருசாப் போட்டிருக்கியே, அங்க இப்போ ஸ்கிராப் தொட்டியை இறக்கி வெச்சிருக்காங்கன்னு வாசல்ல இருக்கற செக்யூரிட்டி சொன்னான். அவன் எனக்கு மாமன் மவன், பொய் சொல்ல மாட்டான், கடன் வாங்கினா மட்டும்தான் திருப்பித் தர மாட்டான். ராத்திரி ஷிஃப்டுக்குப் போறப்போ படத்தைக் கையில வெச்சுக்கிட்டு ஒவ்வொரு அம்பும் சொல்ற வழியிலயே நடந்து பாரு. எங்க முட்டிக்கிறியோ அங்க பேனாவால குறி. செருப்பைப் போட்டுக்கிட்டுப் போவாத, சேஃப்டி ஷூ போட்டுக்கோ. அப்படியே திரும்பி வர்றப்போ கூட்ரோட்டுல அந்தச் சுருட்டு.